தோல்வி தெரிந்தே நின்றவர்

2002 ஜூலை 18 அன்று புதுதில்லியில் குடியரசுத் தலைவர் தேர்தலின் வாக்குகள் எண்ணி முடிக்கப்பட்டன. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பெற்ற வாக்குமதிப்பு 9,22,884. அவரை எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமி சாகல் பெற்றது 1,07,366. பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவு ஒருவருக்கு. பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல் மற்றவருக்கு. இந்த முடிவைக் கண்டு வியந்தவர் எவருமிலர். வேட்புமனு தாக்கலான நாளிலேயே தோல்வி உறுதியாகிவிட்டிருந்தது. அதை மற்றெவரையும்விட நன்கு அறிந்திருந்தவர் தோற்க இருந்தவரே. அப்போது அவருக்கு வயது 87.

வெல்ல முடியாது என்று முற்றாகத் தெரிந்த ஒரு தேர்தலில் ஒருவர் ஏன் நிற்க வேண்டும்? ஒரு கட்சி ஏன் ஒருவரை நிறுத்த வேண்டும்? வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கொள்கையைப் பார்ப்பதா, வெல்லக்கூடியவரா என்று பார்ப்பதா என்ற வினா உலகின் எல்லாக் குடியரசுகளிலும் உண்டு. அந்த வினாவை மிகத் தூய வடிவில் பார்க்க விரும்புவோருக்கு 2002ஆம் ஆண்டு ஒரு நல்ல பாடநூல்.

லட்சுமி 1914இல் சென்னையில் பிறந்தவர். தாயார் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். எந்தப் பதவிக்கு மகள் 2002இல் போட்டியிட்டாரோ, அந்தப் பதவியை உருவாக்கிய அவையில் தாய் உறுப்பினர். 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற லட்சுமி, 1940இல் சிங்கப்பூருக்குச் சென்று மருத்துவம் பார்த்தார். 1943இல் சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று ஜான்சி ராணிப் படைப்பிரிவுக்குத் தலைமையேற்றார். படைப்பிரிவில் சேர்ந்த பெண்களுள் கணிசமானோர் மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பர்மாவில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1946இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1947இல் பிரேம் சாகலை மணந்து கான்பூரில் குடியேறினார். 1971இல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்து மாநிலங்களவை உறுப்பினரானார். பதவிகள் வந்தன, போயின. கான்பூரின் ஏழைப் பெண்களுக்கு அவர் பார்த்துவந்த மருத்துவம் மட்டும் தொண்ணூறு வயதைக் கடந்தும் நிற்கவில்லை.

அவ்வாண்டு கோடையில் நிலைமை இப்படியிருந்தது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனின் பதவிக்காலம் ஜூலையில் முடிய இருந்தது. அவரையே மீண்டும் நிறுத்தவேண்டும் என்பது இடதுசாரிகளின் விருப்பம். அனைவரின் ஒப்புதலும் இல்லாமல் நிற்க அவர் விரும்பவில்லை. ஆளும் தேசிய ஜனநாயகக் கூட்டணியிலும் பல பெயர்கள் எழுந்து அடங்கின. ஜூன் 10ஆம் நாள் அப்துல் கலாமின் பெயர் வெளியானது. அப்போது அவர் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இராமேசுவரத்துப் படகோட்டியின் மகன், ஏவுகணை அறிஞர், இஸ்லாமியர். குஜராத் வன்முறைக்குப் பின் சில மாதங்களே ஆகியிருந்த நாடு அது. அவரது பெயரை எதிர்ப்பது எந்தக் கட்சிக்கும் எளிதாக இருக்கவில்லை. சமாஜ்வாதி ஆதரித்தது, காங்கிரஸும் ஆதரித்தது. இடதுசாரிகள் தனித்து நின்றார்கள். லட்சுமி சாகலை நிறுத்தினார்கள்.

போட்டியிட்ட இருவரும் மதிக்கத்தக்கவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். நல்லவருக்கும் தீயவருக்கும் இடையிலான போட்டியாக அது இருந்திருந்தால் கொள்கை பற்றிய வினாவே எழுந்திராது. கலாமின் தகுதியை மறுக்க எவராலும் இயலவில்லை. இடதுசாரிகளின் வாதம் அவரது தகுதியைப் பற்றியதன்று. குடியரசுத் தலைவர் பதவி அரசியல்சார்ந்த பதவி. ஆளுங்கட்சி முன்வைக்கும் பெயரை எல்லோரும் ஏற்றால் அங்கே தேர்வு என்பதே நிகழவில்லை. இதுவே அவர்கள் நிலைப்பாட்டின் சாரம். நாராயணன் 1997இல் உத்தரப் பிரதேசத்திலும் 1998இல் பீகாரிலும் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான மத்திய அமைச்சரவையின் பரிந்துரைகளைத் திருப்பி அனுப்பியவர். அந்தப் பதவி வெறும் முத்திரை அன்று என்பதற்கு அண்மைச் சான்று கண்முன்னே இருந்தது.

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெற்றிவாய்ப்பு என்பது ஊகமன்று, கூட்டல் கணக்கு. வாக்காளர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஒவ்வொருவரின் பெயரும் கட்சியும் தெரியும். ஒவ்வொரு வாக்கின் மதிப்பும் அச்சிடப்பட்ட அட்டவணையில் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு அப்போது 708; உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினருக்கு 208; தமிழ்நாட்டில் 176; கேரளத்தில் 152; சிக்கிமில் 7. வாக்களிப்பு இரகசியமானது, கொறடா உத்தரவு செல்லாது என்பன உண்மையே. ஆனாலும் கணக்கு பெரிதாகப் பிசகுவதில்லை. ஆகவே 2002 ஜூன் மாதத்தில் ஒரு பள்ளி மாணவரால்கூட லட்சுமி சாகலின் தோல்வியைத் தாளில் போட்டுக்காட்ட முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் மொழி சொல்வதைக் கவனிக்கலாம். போட்டியிடுபவரை இந்தியில் ‘உம்மீத்வார்’ என்பர். ‘உம்மீத்’ என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள். நம்பிக்கை உடையவரே உம்மீத்வார். வெல்லும் நம்பிக்கை இல்லாத ஒருவரை அச்சொல்லால் அழைப்பது கண்டிப்பாகப் பார்த்தால் ஒரு முரண். தமிழில் ‘வேட்பாளர்’. ‘வேட்பு’ என்பது விருப்பம். ‘வேட்கை’யோடு உடன்பிறந்த சொல். இலத்தீனத்தில் இதற்கான சொல் வெண்மையிலிருந்து பிறந்தது. உரோமாபுரியில் பதவி நாடுவோர் வெண்சுண்ணம் பூசிய ஆடை அணிந்து வாக்குக் கேட்டனர். ஒரே ஆள், மூன்று மொழிகளில் மூன்று அடையாளம்: ஒன்று எதிர்பார்ப்பு, ஒன்று விருப்பம், ஒன்று தோற்றம். இவற்றுள் தமிழ்ச்சொல் ஒன்றே வெற்றியைப் பற்றியோ பார்ப்பவரின் கண்ணைப் பற்றியோ எதையும் கோரவில்லை. விரும்பினால் போதும், நிற்கலாம்.

வெற்றியைக் கோரும் சொற்கள் அதன்பிறகு வந்து ஒட்டிக்கொண்டன. இந்தி இதழ்களில் ‘ஜிதாவூ உம்மீத்வார்’ என்ற தொடரைத் தேர்தல்தோறும் காணலாம். ‘ஜீத்னா’ வெல்லுதல், ‘ஜிதானா’ வெல்லச் செய்தல். ‘ஜிதாவூ’ என்பது பிறவினை வடிவத்திலிருந்து வருவது. தாம் வெல்பவரைவிட, தம்மை நிறுத்தியவர்களை வெல்லச் செய்பவர் என்பதே அதன் உட்பொருள். அதனோடு எதுகையாக ‘டிகாவூ’ என்றும் சொல்வர். கட்சி மாறாமல் நிலைப்பவர் என்று பொருள். மூன்றாவதாக ‘பிகாவூ’ என்ற சொல்லும் கேலியாக வந்து சேரும்; விலைபோகக்கூடியவர். தமிழ்நாட்டில் இதே கருத்து ‘ஜெயிக்கிற குதிரை’ என்ற வழக்கில் வாழ்கிறது. பந்தயம் கட்டுபவரின் பணமே அங்கே பேசுபொருள். குதிரை எதற்காக ஓடுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

கணக்கு அச்சிடப்படாத தேர்தல்களில், அதாவது கோடிக்கணக்கானோர் நேரடியாக வாக்களிக்கும் தேர்தல்களில், வெற்றிவாய்ப்பு என்பது மற்றவர்களின் மனத்தைப் பற்றிய ஊகமாகிவிடுகிறது. பொருளியலறிஞர் கெயின்ஸ் 1936இல் வெளிவந்த தம் நூலில் பங்குச்சந்தையைப் பற்றிச் சொன்ன உவமை இங்கும் பொருந்தும். நூறு ஒளிப்படங்களுள் அழகிய ஆறு முகங்களைத் தேர்ந்தெடுக்கும் செய்தித்தாள் போட்டி. பரிசோ, எல்லோருடைய சராசரித் தேர்வுக்கு மிக நெருங்கியவருக்கு. அப்போது எவரும் தமக்கு அழகாகத் தோன்றும் முகத்தைத் தேர்வதில்லை. பிறர் எதைத் தேர்வார்கள் என்று பிறர் நினைப்பார்கள் என்பதையே தேடுகிறார்கள். 2004இல் அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சியினர் ஈராக் போரைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்த ஹோவர்ட் டீனை விலக்கி, அப்போருக்கு அதிகாரம் வழங்கும் தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்திருந்த ஜான் கெர்ரியைத் தேர்ந்தெடுத்தனர். புஷ்ஷை வெல்லக்கூடியவர் என்ற கணிப்பு அதில் பெரும்பங்கு வகித்தது. நவம்பரில் கெர்ரி தோற்றார். டீன் நின்றிருந்தால் வென்றிருப்பார் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் வெற்றிக்காகக் கொடுக்கப்பட்ட விலைக்கு வெற்றி வந்துசேரும் என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை என்பது மட்டும் தெளிவு.

இந்தியச் சட்டம் தோற்கப்போகும் வேட்பாளரை எப்படிப் பார்க்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 1967 குடியரசுத் தலைவர் தேர்தலில் பதினேழு பேர் நின்றனர். அவர்களுள் ஒன்பது பேருக்கு ஒரு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. 1969இல் பதினைந்து பேர். 1974இல் சட்டம் திருத்தப்பட்டது: பத்து முன்மொழிவோர், பத்து வழிமொழிவோர், 2,500 ரூபாய் கட்டுத்தொகை. 1997இல் அது ஐம்பது, ஐம்பது, 15,000 ரூபாய் என்று உயர்ந்தது. விளையாட்டாக நிற்போரைத் தடுப்பதே நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் 1997 தொடங்கி 2022 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் களத்தில் நின்றவர்கள் இருவர் மட்டுமே.

இதில் ஒரு முரண் உண்டு. அரசியலமைப்பின் 55ஆம் உறுப்பு இத்தேர்தலை ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடத்தச் சொல்கிறது. வாக்காளர் தம் விருப்பங்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். கொள்கைக்கும் வெற்றிவாய்ப்புக்கும் இடையிலான சண்டையை ஒரே தாளில் தீர்க்கும் ஏற்பாடு இது. முதல் விருப்பத்தை மனம் ஒப்பியவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாம் விருப்பத்தை வெல்லக்கூடியவருக்குக் கொடுக்கலாம், வாக்கு வீணாகாது. இந்த ஏற்பாடு முடிவைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பயன்பட்டது வரலாற்றில் ஒருமுறைதான். 1969இல் வி.வி. கிரி முதல் எண்ணிக்கையில் 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி. தேஷ்முக் 1,12,769 என்ற நிலையில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. இரண்டாம் விருப்பங்கள் எண்ணப்பட்டன. தேஷ்முக்கை ஆதரித்தோரின் அடுத்த விருப்பம் பெரும்பாலும் ரெட்டிக்குச் சென்றது. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தங்கள் மனத்துக்கு உகந்தவரையும், அவர் இல்லையெனில் யார் என்பதையும் அவர்கள் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. இருவர் மட்டுமே நிற்கும் தேர்தலில் இந்த வரிசைக்கு வேலையில்லை. தேர்வின் வேதனை வாக்குச்சீட்டை விட்டு, கட்சிகளின் மூடிய அறைக்குள் போய்விட்டது.

வரிசைப்படுத்தும் வசதி இல்லாத குடியரசில் என்ன நேரும் என்பதை அதே 2002ஆம் ஆண்டு வேறொரு நாடு கண்டது. கலாமின் பெயர் வெளியாவதற்கு ஏழு வாரங்களுக்கு முன், ஏப்ரல் 21 அன்று, பிரான்ஸில் குடியரசுத் தலைவர் தேர்தலின் முதற்சுற்று நடந்தது. அங்கே முதற்சுற்றில் முந்தும் இருவர் மட்டுமே இரண்டாம் சுற்றுக்குச் செல்வர். அன்றைய குடியரசுத் தலைவர் ழாக் சிராக்கும், பிரதமரான சோஷலிஸ்ட் லியோனல் ழோஸ்பானும் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள் என்றே எல்லோரும் நம்பினர். ஆகவே முதற்சுற்று மனச்சான்றுக்கு உரியது, இரண்டாம் சுற்று கணக்குக்கு உரியது என்று இடதுசாரி வாக்காளர் பலர் கருதினர். பதினாறு பேர் நின்றனர். ழோஸ்பானின் ஆட்சியில் பங்குபெற்ற கட்சிகளே தத்தம் வேட்பாளரை நிறுத்தின. அவர்களுள் ஒருவர் கயானாவைச் சேர்ந்த கிறிஸ்தியன் தோபிரா. அடிமை வணிகத்தை மானுடத்துக்கு எதிரான குற்றமென அறிவித்த 2001ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருக்கு வாக்களிப்பதற்குக் கொள்கைவழிக் காரணங்களுக்குக் குறைவில்லை. அவர் பெற்றது 2.32 விழுக்காடு, ஏறத்தாழ 6,60,000 வாக்குகள்.

அன்று இரவு முடிவு வெளியானது. சிராக் 19.88. தீவிர வலதுசாரி ழான்-மரி லெ பென் 16.86. ழோஸ்பான் 16.18. லெ பென்னுக்கும் ழோஸ்பானுக்கும் இடையிலான வேறுபாடு இரண்டு இலட்சம் வாக்குகளுக்கும் குறைவு. ழோஸ்பான் அன்றிரவே அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்தார். இரண்டு வாரங்கள் கழித்து, மே 5 அன்று, முதற்சுற்றில் மனச்சான்றுப்படி வாக்களித்த இடதுசாரிகள் வாழ்நாளெல்லாம் எதிர்த்துவந்த சிராக்குக்கு வரிசையில் நின்று வாக்களித்தனர். அவருக்கு 82.21 விழுக்காடு கிடைத்தது. தோபிராவின் வாக்காளர்களை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையன்று. வாக்களிக்கவே வராதவர்கள் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேல். பதினாறு பேரில் பலருடைய வாக்கை எடுத்து அந்த இடைவெளியை நிரப்பிக்காட்டலாம். ஆயினும் ஒன்றை மறைக்க இயலாது. கொள்கைக்கு வாக்களித்தவர்கள் அன்று தங்கள் வாக்குக்கு விலை ஏதுமில்லை என்று நம்பியே வாக்களித்தனர். விலை இருந்தது. சீட்டு மட்டும் பிறகு வந்தது.

பாரிஸிலிருந்து கான்பூருக்குத் திரும்பும்போது ஒரு சங்கடமான வினா கூடவே வருகிறது. லட்சுமி சாகலுக்கு வாக்களித்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்? அந்த 1,07,366இல் ஒன்றுகூடத் தேர்தல் முடிவை அசைத்திராது. எவரும் தோற்கவில்லை, எவரும் தவறுதலாக வெல்லவில்லை. கணக்கு முன்பே முடிந்துவிட்ட இடத்தில் கொள்கை பேசுவது எளிது என்று ஒருவர் சொன்னால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ‘கொள்கை’ என்ற சொல்லின் வேர் ‘கொள்’. பற்றிக்கொள்ளுதல் என்பது ஒரு பொருள். விலைக்கு வாங்குதல் மற்றொரு பொருள். ‘கொள்முதல்’ என்ற கடைவீதிச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். பற்றியிருப்பதற்கும் விலைக்கும் உள்ள உறவை மொழி மறக்கவில்லை. எதையும் கொடுக்காமல் பற்றிய ஒன்றைக் கொள்கை என்று அழைப்பதற்குமுன் சற்றுத் தயங்கவேண்டும்.

ஆனால் அந்த வாதத்துக்கும் மறுமொழி உண்டு. 87 வயதில் நாடெங்கும் சென்று, தோற்கப்போகும் தேர்தலுக்கு வாக்குக் கேட்பது விலையில்லாத செயலன்று. தேசமே கொண்டாடும் ஒருவரை எதிர்த்து நிற்பவர் என்ற பெயரைச் சுமப்பதும் விலையில்லாததன்று. அதைவிட முக்கியமாக, அவர் நின்றதனால்தான் அங்கே ஒரு தேர்தல் நடந்தது. அவர் நிற்காவிட்டால் கலாம் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பார். அந்த ஆண்டின் ஏட்டில் ஒரே ஒரு பெயர் இருந்திருக்கும். மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஆறிலக்க எண் ஒன்றே சான்று. தோற்பவர் முடிவை மாற்றுவதில்லை. முடிவு ஒருமனதானது என்று பின்னாளில் எவரும் சொல்லாதபடி செய்துவிடுகிறார். கலாமுக்கும் அதனால் இழுக்கில்லை. போட்டியில் வென்றவர் என்ற நிலை, எவரும் எதிர்க்கத் துணியாதவர் என்ற நிலையைவிட ஒரு குடியரசில் மேலானது.

கொள்கையின் விலை உண்மையிலேயே கணக்கில் ஏறியது பத்தாண்டுகள் கழித்து. 2012இல் ஆளும் ஐக்கிய முற்போக்குக் கூட்டணி நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜியைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக அறிவித்தது. எதிர்த்து நின்றவர் பி.ஏ. சங்மா, அவருக்குப் பாரதிய ஜனதாவின் ஆதரவு. பிரணாபின் வெற்றியும் ஏறத்தாழ உறுதிதான். 2002இல் தோல்வி தெரிந்தே தனித்து நின்ற மார்க்சிஸ்ட் கட்சி, இம்முறை பிரணாபை ஆதரிப்பதாக ஜூன் மாதத்தில் முடிவெடுத்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சியும் வாக்களிப்பிலிருந்து ஒதுங்கின. ஒரே அணியின் கட்சிகள், ஒரே வினாவுக்கு இரு விடைகள்.

தலைமையின் காரணங்களை ஏளனம் செய்வது எளிது, எடைபோடுவது கடினம். பரவலான ஏற்பு உடையவர் அவரே. பாரதிய ஜனதா ஆதரிக்கும் வேட்பாளரை ஆதரிக்க இயலாது. ஓராண்டுக்கு முன்புதான் வங்காளத்தில் 34 ஆண்டுக்கால ஆட்சியை இழந்திருந்த கட்சி, பிரணாபை ஏற்க மறுத்துநின்ற திரிணமூல் காங்கிரஸின் பக்கத்தில் போய்நிற்பதாகத் தோன்றும் முடிவை எடுக்கமுடியாது. பின்வாங்கும் படைக்குத் தளபதியாக இருப்பவர்கள் சொல்லக்கூடிய காரணங்கள் இவை. எதிர்வாதமோ எளியது: எந்தப் பொருளாதாரக் கொள்கைகளுக்கு எதிராகக் கட்சி ஆண்டு முழுதும் வீதியில் நிற்கிறதோ, அவற்றின் நிதியமைச்சரையே நாட்டின் முதற்பதவிக்கு உயர்த்த அதே கட்சி எப்படி வாக்களிக்கும்? கட்சியின் ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த இளம் பொருளியலாளர் ஒருவர் இந்த முடிவை எதிர்த்து விலகினார். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர் சங்கத்தின் கிளை இந்த முடிவுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூலையில் அந்தக் கிளையே கலைக்கப்பட்டது.

கட்சிச் சார்பு எதுவாயினும், ஆய்வு மாணவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமானதன்று. இரவு உணவுக்குப் பின் விடுதியின் உணவுக்கூடத்தில் கூட்டம், கையெழுத்துப் பிரதியாகச் சுற்றும் தீர்மானம், வரிக்கு வரி திருத்தம், விடியும்வரை வாதம். தொலைவில் இருப்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அந்தக் கூடத்தில் இருந்தவர்களுள் ஒருவருக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கில்லை. அவர்களது தீர்மானத்தால் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் 708 மதிப்பும் இடம்மாறப்போவதில்லை. ஆனால் அவர்கள் இழந்தது மெய்யான ஒன்று. பல ஆண்டுகள் வளர்த்த அமைப்பு, அதன் பெயர், தோழர்கள் என்று அழைத்தவர்களின் நட்பு. 2002இல் தலைமை கொடுக்காத விலையை 2012இல் மாணவர்கள் கொடுத்தார்கள் என்றால் அது மிகையாகாது. பிரிந்தவர்கள் புதிய அமைப்பாக நின்று அதே ஆண்டு செப்டம்பரில் மாணவர் பேரவைத் தலைவர் பதவியை வென்றார்கள் என்பது வேறு கதை. வென்றிராவிட்டாலும் அவர்கள் சொன்னதன் மெய்யும் பொய்யும் மாறியிருக்காது.

தலைமைக்கும் ஒரு நியாயம் செய்யவேண்டும். வங்காளத்துச் சிற்றூர் ஒன்றில் அலுவலகத்தைத் திறக்கவே அஞ்சிக்கொண்டிருந்த தொண்டருக்கு, தில்லி விடுதியில் நிறைவேறும் தீர்மானத்தால் ஆவது ஒன்றுமில்லை. கணக்குப் பார்ப்பவர்கள் எல்லோரும் கொள்கையற்றவர்கள் அல்லர். பிறரது உயிருக்கும் உடைமைக்கும் பொறுப்பேற்றவர்கள் கணக்குப் பார்க்காமலிருப்பதே சிலவேளை பெரிய குற்றமாகும். 2002 மே 5 அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சிராக்குக்கு வாக்களித்த பிரெஞ்சு இடதுசாரியும் கணக்குத்தான் பார்த்தார். ஆனால் அவர் தமக்குத்தாமே பொய் சொல்லிக்கொள்ளவில்லை. சிராக் நல்லவர் என்று அவர் வாதிடவில்லை. லெ பென் வரக்கூடாது என்று மட்டும் சொன்னார். 2012இல் மாணவர்களைச் சினங்கொள்ளச் செய்தது கணக்கு மட்டுமன்று. கணக்குக்குக் கொள்கையின் சட்டையை மாட்டிவிட்டு, அதையே கொள்கை என்று ஏற்கச் சொன்னார்கள் என்பதே அவர்களின் மனக்குறை.

வெல்லக்கூடியவர் யார் என்ற வினா இழிவானதன்று. அது இரண்டாவதாகக் கேட்கப்படவேண்டிய வினா. எதற்காக ஒருவரை நிறுத்துகிறோம் என்பதற்கு விடை தெரிந்தபின், அதை நிறைவேற்ற யாரால் முடியும் என்று கேட்பது அறிவுடைமை. வரிசை மாறிவிட்டால், வென்றபின் எதற்காக வென்றோம் என்று தேடவேண்டியிருக்கும். அதேபோல், கொள்கை பேசுவோரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதற்கான விலையைக் கொடுக்கப்போவது யார்? பேசுபவரேயாயின் அவர் எவ்வளவு பிடிவாதமாக வேண்டுமானாலும் நிற்கலாம். கொடுக்கப்போவது வேறொருவராயின், அவரிடம் கேட்டாயிற்றா?

2012 தேர்தலின் வாக்குப்பதிவு ஜூலை 19ஆம் நாள். அன்றுதான் கான்பூரில் லட்சுமி சாகலுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 22ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. பிரணாப் முகர்ஜி 7,13,763, சங்மா 3,15,987. பத்தாண்டுகளுக்கு முன் லட்சுமியை நிறுத்திய கட்சியின் வாக்குகள் இம்முறை வென்றவர் கணக்கில் இருந்தன. மறுநாள், 23ஆம் நாள் முற்பகலில், தம் 97ஆம் வயதில் லட்சுமி காலமானார். அவரது உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் கற்பதற்காக, அளிக்கப்பட்டது.

குடியரசுத் தலைவர் மாளிகையில் வென்றவர்களின் உருவப்படங்கள் வரிசையாக உள்ளன. தோற்றவர்களுக்கு அங்கே சுவர் இல்லை. அவர்கள் தேர்தல் ஆணையத்தின் அட்டவணையில், இரண்டாவது வரியில், ஓர் எண்ணாக இருக்கிறார்கள். 2002க்கு உரிய அட்டவணையைத் திறந்தால் இரண்டாவது வரி வெறுமையாக இல்லை. அதற்காகத்தான் அவர் நின்றார்.